ஹார்மோனிகா மைக்கின் திருகு கனெக்டர்: பழுதுபார்ப்பில் வாழும் ஒரு வரலாறு

ஹார்மோனிகா மைக் என்று இன்று அழைக்கப்படும் பழைய மைக்குகளில் பெரும்பாலானவை ஹார்மோனிகாவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவில் டாக்சி நிலையங்களிலும் பொது அறிவிப்பு மேசைகளிலும் அமெச்சூர் ரேடியோ அறைகளிலும் பேச்சுக்காக வைக்கப்பட்டிருந்தவை அவை. துப்பாக்கித் தோட்டாவின் முனை போல உருண்டு திரண்ட வடிவத்தால் ‘புல்லட் மைக்’ என்ற பெயர் பெற்றன. சிகாகோ நகரின் ப்ளூஸ் கலைஞர்கள் அவற்றை மேசையிலிருந்து எடுத்து, ஹார்மோனிகா என்ற மவுத் ஆர்கனோடு சேர்த்து இரு கைக்குள் பொத்தி வாசித்தார்கள். அதுவரை உலகம் கேட்டிராத ஓர் ஓசை பிறந்தது.

அந்த ஓசை மைக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் ஒரு குறுகலான வாசல் இருக்கிறது. மைக்கின் அடியில் கட்டைவிரல் பருமனில் திருகி மாட்டப்படும் உலோகக் கனெக்டர்தான் அது. மைக்கின் உறுப்புகளில் மிக அதிகமாக அசைவதும் முறுக்கப்படுவதும் பழுதாவதும் அதுவே. எனவே ஹார்மோனிகா மைக்கைப் பழுதுபார்க்கும் கலையின் பெரும்பகுதி இந்தச் சிறு துண்டைச் சுற்றியே வளர்ந்தது.

உப்புப் படிகமும் உலோகக் கூடும்

இந்த மைக்குகளின் உள்ளே இருந்தது பெரும்பாலும் ரோஷெல் உப்பு என்ற படிகம். பிரான்சின் லா ரோஷெல் நகரில் 17ஆம் நூற்றாண்டில் பியர் செனியெட் என்ற மருந்தாளுநர் இதைத் தயாரித்தார். முதலில் பேதி மருந்தாகப் பயன்பட்ட இந்த உப்புக்கு வேறொரு குணமும் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. 1880இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்தார்கள். அவர்கள் சோதித்த பொருள்களில் ரோஷெல் உப்பும் ஒன்று. அதன் மின் வெளிப்பாடு குவார்ட்ஸ் படிகத்தைவிடப் பல மடங்கு வலுவானது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரிலிருந்த பிரஷ் டெவலப்மென்ட் நிறுவனம் இந்தப் படிகத்தைப் பெரிய அளவில் வளர்த்து, மெல்லிய தகடுகளாக அறுத்து, இரண்டிரண்டாக ஒட்டி, ஒலிக்கருவிகளுக்கு ஏற்ற உறுப்பாக்கியது. அதே மாநிலத்தில் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் தொடங்கிய அஸ்டாட்டிக் நிறுவனம் 1933இல் டி-104 என்ற படிக மைக்கை வெளியிட்டது. பின்னர் வந்த அதன் ஜேடி-30 மைக்தான் ஹார்மோனிகா கலைஞர்களின் கையில் நிலைத்தது. மெல்லிய அலுமினியச் சவ்வு ஒலியில் அதிரும். சவ்வோடு கோக்கப்பட்ட சிறு கம்பி அந்த அதிர்வைப் படிகத்துக்குக் கடத்தும். படிகம் அதை மின் அலையாக்கும். வெளி மின்சாரம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

சிகாகோவில் சிட்னி ஷூர் 1925இல் தொடங்கிய ஷூர் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 1949இல் அது வெளியிட்ட 520 என்ற மைக்கில் படிகத்துக்குப் பதிலாகக் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட உறுப்பு இருந்தது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது தாங்கும். பச்சை வண்ணக் கூட்டால் ‘கிரீன் புல்லட்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. படிக மைக், காந்த மைக் இரண்டுமே உயர் மின்மறுப்புக் கருவிகள். அவற்றின் மின் அலை மிக மெலிது. வழியில் சிறு கசிவு இருந்தாலும், வெளி இரைச்சல் சற்றே புகுந்தாலும் ஓசை கெடும். கனெக்டர் சுத்தமாக இருக்கவேண்டிய கட்டாயம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஐந்தெட்டு அங்குல மரை

அக்கால மைக்குகளில் கேபிளை மாட்டப் பரவலாகப் பயன்பட்டது ஒற்றைத் தொடுமுனைத் திருகு கனெக்டர். அதன் விட்டம் 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 27 மரைகள். அமெரிக்க மைக் ஸ்டாண்டுகளின் மரையும் இதே அளவுதான். மைக்கின் பக்கத்தில் வெளிமரை இருக்கும். கேபிளின் பக்கத்தில் உள்மரை வெட்டிய வளையம் இருக்கும். வளையத்தைத் திருகினால் இரு பக்கத்து மையத் தொடுமுனைகளும் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். மின் அலை அந்த மையத்தின் வழியே போகும்; திரும்பும் பாதையாக உலோக உறையே அமையும். வேறு உறுப்பு எதுவும் இல்லை.

இந்தக் கனெக்டரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட பெயர் ஆம்ஃபினால். ஆர்தர் ஷ்மிட் 1932இல் சிகாகோவில் தொடங்கிய அமெரிக்கன் ஃபினாலிக் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் இது. ரேடியோ வால்வுகளைப் பொருத்தும் சாக்கெட்டுகளை ஃபினால் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தொழிலைத் தொடங்கிய நிறுவனம் அது. சூட்டுக்கு உருகாமல் மின்சாரத்தையும் கடத்தாமல் நிற்கும் அதே வகைப் பிளாஸ்டிக்தான் கனெக்டரின் நடுவில் வட்டமாக அமர்ந்து, மையத் தொடுமுனையை உலோக உறையிலிருந்து பிரித்து வைத்தது. பழைய கனெக்டரைப் பிரித்தால் உள்ளே தெரியும் கருப்பு அல்லது பழுப்பு வில்லை அதுவே. இதே அமைப்பில் 1946இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்விட்ச்கிராஃப்ட் நிறுவனமும் கனெக்டர்கள் செய்தது.

கேபிளின் மறுமுனையில் நிற்கும் கால் அங்குல ப்ளக்கின் வரலாறு இதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களில் இணைப்புப் பலகையில் செருகிச் செருகி எடுத்த ப்ளக்கின் வாரிசு அது. கிதார் ஆம்ப்ளிஃபயர்கள் அந்த அளவையே ஏற்றுக்கொண்டன. ஆகவே ஹார்மோனிகா கலைஞரின் கேபிள் இரண்டு தொழில்களை இணைத்தது: ஒரு முனையில் பொது அறிவிப்புத் துறையின் திருகு, மறுமுனையில் தொலைபேசித் துறையின் ப்ளக். இரண்டையும் சேர்த்து ஈயம் வைத்துத் தந்தவர்கள் ரேடியோ பழுதுபார்ப்பவர்கள்.

மேசையிலிருந்து உள்ளங்கைக்கு

1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிசிசிப்பி, லூசியானா, ஆர்கன்சா பகுதிகளிலிருந்து சிகாகோ வந்தவர்களோடு கிதாரும் ஹார்மோனிகாவும் வந்தன. ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரிலுள்ள ஹோனர் நிறுவனம் 1896இல் வெளியிட்ட மரைன் பேண்ட் என்ற பத்துத் துளை ஹார்மோனிகா சட்டைப் பையில் அடங்கும், அன்று விலையும் மலிவு. ஆனால் நகரத்தின் மதுக்கூடத்திலும் மேக்ஸ்வெல் தெருவின் திறந்தவெளிச் சந்தையிலும் வெறும் ஹார்மோனிகாவின் குரல் எடுபடாது. சந்தையில் வாசித்தவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் நீண்ட வயர் இழுத்து மின்சாரம் பெற்றார்கள். கையில் கிடைத்த பேச்சு மைக்கையும் சிறிய ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஸ்னூக்கி பிரையர், தாம் இராணுவத்தில் இருந்தபோது அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஹார்மோனிகா வாசித்துப் பார்த்ததையும், 1945இல் சிகாகோ திரும்பியதும் அதே முறையைக் கைக்கொண்டதையும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த ஓசையை ஒரு கலையாக முழுமைப்படுத்தியவர் லூசியானாவில் பிறந்த லிட்டில் வால்டர். 1952 மே 12 அன்று அவர் பதிவுசெய்த ‘ஜூக்’ என்ற இசைத்தட்டு, பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 8 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பாட்டே இல்லாமல் ஹார்மோனிகா முன்னின்று வாசிக்கும் தட்டு அது. பிக் வால்டர் ஹார்ட்டன், ஜேம்ஸ் காட்டன், ஜூனியர் வெல்ஸ் ஆகியோர் அதே பாதையில் ஆளுக்கொரு தனிக்குரல் கண்டார்கள்.

பேச்சுக்கான மைக் இசைக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்குக் காரணம் அதன் குறையிலேயே இருக்கிறது. கிரீன் புல்லட்டின் பிற்கால வடிவமான 520டிஎக்ஸ் மைக் 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே எடுக்கும். ஹார்மோனிகாவின் கூர்மையான உச்ச ஒலிகள் அந்த எல்லைக்குள் மழுங்கிவிடும். மைக்கையும் வாத்தியத்தையும் கைகளால் காற்றுப் புகாமல் பொத்தும்போது உள்ளே அழுத்தம் கூடி மைக்கின் வெளிப்பாடு பெருகும். வால்வு ஆம்ப்ளிஃபயர் தாங்கமாட்டாமல் ஒலியை நசுக்கும். சாக்ஸபோன் போலத் தடித்து, கரகரத்து எழும் அந்தக் குரல் இப்படித்தான் உருவாகிறது.

மேசையில் நின்ற மைக் கைக்கு வந்தபோது கனெக்டரின் தலைவிதியும் மாறியது. மேசை மைக்கின் கேபிள் அசைவதே இல்லை. கையில் பிடித்த மைக்கின் கேபிளோ, ஒவ்வொரு பாட்டிலும் நூறு முறை வளைகிறது. விரல்கள் மைக்கின் அடியைச் சுற்றிப் பிடிக்கும்போது கனெக்டரும் பிடிக்குள் அகப்படுகிறது. நிற்பதற்கென்று செய்த உறுப்பு, ஆடுவதற்குப் பழக வேண்டியிருந்தது.

பழுது வரும் இடங்கள்

கனெக்டரில் பழுது நான்கு இடங்களில் வரும். முதலாவது, கேபிள் உறைக்குள் நுழையும் கழுத்து. அங்கே ஒரு சிறு ஸ்பிரிங் கேபிளைத் தழுவி நிற்கும். கேபிள் ஒரே புள்ளியில் ஒடியாமல் வில்லாக வளைவதற்கான ஏற்பாடு அது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ தொலைந்தாலோ, உள்ளே செம்புக் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஓசை விட்டுவிட்டு வருவது இதன் முதல் அறிகுறி.

இரண்டாவது, மையத் தொடுமுனை. பல ஆண்டுகள் திருகித் திருகி அதன் மேலிருக்கும் ஈயக் குமிழ் தேய்ந்து தட்டையாகும். அப்போது வளையத்தை இறுகத் திருகினாலும் மைக்கின் முனையை அது தொடாது. மூன்றாவது, கேபிளின் வெளிப்பின்னல் உறையோடு சேரும் இடம். இந்த இணைப்பு விட்டுப்போனால் ஆம்ப்ளிஃபயரில் உறுமல் எழும். கலைஞர் மைக்கின் உலோகக் கூட்டைத் தொட்டதும் உறுமல் இன்னும் கூடும். அவருடைய உடலே ஆன்டெனாவாகி, சுற்றுப்புற மின்சாரத்தின் அதிர்வைக் கூட்டுக்குள் ஏற்றுவதே காரணம்.

நான்காவது களிம்பு. ஹார்மோனிகா வாசிப்பவரின் மூச்சில் ஈரம் உண்டு, கையில் வியர்வை உண்டு. முலாம் தேய்ந்த பித்தளையில் பச்சைக் களிம்பு படிந்து, மரைகளுக்கிடையில் மின்சாரம் கடக்காத மெல்லிய திரையாகிவிடுகிறது.

பிரித்து மாட்டும் முறை

வேலையைத் தொடங்கும் முன் கேபிளை மைக்கிலிருந்து முழுவதும் கழற்றிவிடுவது பழகிய கைகள் கடைப்பிடித்த ஒழுங்கு. ரோஷெல் உப்பு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சிதையத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மறந்துவிட்ட படிக மைக் நிரந்தரமாக ஊமையாவது இதனால்தான். வெள்ளீயமும் காரீயமும் 63-க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த பற்றாசோ 183 டிகிரியில் உருகும்; சால்டரிங் அயர்னின் நுனி அதைவிடச் சூடானது. அந்தச் சூடு மைக்கின் பக்கம் போகவே கூடாது.

முதலில் உறையின் பக்கவாட்டிலுள்ள தலையில்லாத சிறு திருகாணியைத் தளர்த்துவார்கள். துருவில் இறுகிய ஆணியை வலிந்து திருப்பினால் அதன் வெட்டு சிதைந்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுப்பதே வழக்கம். ஆணி விட்டதும் மையத் தொடுமுனையின் பழைய ஈயத்தைச் சூடாக்கி உறிஞ்சி எடுத்தால், கம்பி துளையிலிருந்து நழுவி வெளியே வரும். உலோகத் துண்டுகளை ஸ்பிரிட்டில் துடைத்து, களிம்பைத் தேய்த்து நீக்கி, பிளாஸ்டிக் வில்லையில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வில்லை வெடித்திருந்தால் கனெக்டரையே மாற்றுவது நல்லது.

புதிய கேபிள் ஒற்றைக் கம்பியும் அதைச் சுற்றிய செம்புப் பின்னலும் கொண்டதாக இருக்கும். அதன் முனையை வெட்டிய கையோடு ஸ்பிரிங்கையும் கேபிளின் வழியே கோக்கவேண்டிய மற்றத் துண்டுகளையும் கோத்துவிட வேண்டும். ஈயம் வைத்து முடித்த பிறகு மேசையில் ஸ்பிரிங் மிஞ்சிக் கிடந்தால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு வெளியுறையை அரிந்து, பின்னலின் இழை ஒன்றுகூட அறாமல் பிரித்து, ஸ்பிரிங்கின் விளிம்பின் மேல் பின்புறமாக மடக்கிவிடுவார்கள். உறைக்குள் தள்ளித் திருகாணியை முடுக்கும்போது, அந்தப் பின்னல் உலோகத்தோடு உலோகமாக நசுங்கிப் பிடிக்கும். கேபிளை இழுக்கும் விசையைத் தாங்குவதும் இந்தப் பிடியே. மையக் கம்பியின் மேல் அந்தச் சுமை விழக்கூடாது.

மையக் கம்பியின் நுனியை முறுக்கி, மெலிதாக ஈயம் பூசி, தொடுமுனையின் துளை வழியே வெளியே நீட்ட வேண்டும். அயர்ன் நுனியைத் தொடுமுனையில் வைத்து, உலோகம் சூடேறியதும் ஈயத்தை அதன் மேல் தொட்டால் அது தானாகவே உருகி ஓடிப் பரவும். பளபளப்பான சிறு குமிழாக அது குளிர்ந்தால் பற்று நன்றாக இருக்கிறது. மங்கலாக, மணல் போலச் சொரசொரத்தால் அது ‘ட்ரை சால்டர்’. வெளியே பிடித்திருப்பது போல் தோன்றினாலும் உள்ளே பிடிப்பிருக்காது. குமிழின் உயரத்திலும் கவனம் தேவை. தாழ்ந்தால் தொடாது; உயர்ந்தால் வளையம் கடைசிவரை இறுகாமல் நிற்கும், மைக்கின் முனையும் அழுந்திச் சேதமாகும். கூடுதலாக இருப்பதை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமமாக்குவார்கள். ஈயத்தோடு ரோசின் பிளக்ஸை மட்டுமே பயன்படுத்தலாம். அமிலம் கலந்த பிளக்ஸ் சில மாதங்களில் செம்பை அரித்துவிடும்.

மறுமுனையின் ப்ளக்கில் மையக் கம்பி நுனிக்கும் பின்னல் உறைக்கும் போகும். முடிந்ததும் மல்டிமீட்டரில் மூன்று சோதனைகள். மையம் மையத்தோடு சேர வேண்டும்; உறை உறையோடு சேர வேண்டும்; மையமும் உறையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. சோதிக்கும்போது கேபிளை இரு கழுத்துகளிலும் வளைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாத கேபிளில் சரியாகக் காட்டும் மீட்டர், மேடையின் அசைவுக்கு உத்தரவாதம் தராது.

நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் கவசக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். படிக மைக்கே ஒரு மின்தேக்கி போன்றது என்பதால், நீண்ட கேபிள் அதன் ஒலி அளவைக் குறைக்கும். காந்த மைக்கிலோ உச்ச ஒலிகள் மங்கும். படிக மைக்குக்கு ஒலிக் கட்டுப்பாட்டுத் திருகி சேர்ப்பவர்கள் 5 மெகாஓம் அளவைத் தேர்ந்தெடுப்பதும் இது போன்ற காரணத்தால்தான். மின்மறுப்பு குறைந்தால் படிகத்தின் அடிநாதம் முதலில் காணாமல் போகும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேபிளின் பின்னல் ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தையும் மைக்கின் கூட்டையும் நேராக இணைக்கிறது. அந்தக் கூடு கலைஞரின் கையிலும் உதட்டிலும் படுகிறது. இரண்டு முள் ப்ளக் கொண்ட பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் மின்கசிவு ஏற்பட்டால் அது நேரே வாய்க்கு வரும். ஆகவே மைக்கின் வயரை மாற்றுபவர் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இணைப்புள்ள மூன்று முள் ப்ளக் இருக்கிறதா என்று பார்ப்பது அதே வேலையின் பகுதி.

மாற்றமும் மீட்பும்

குறைந்த மின்மறுப்பு மைக்குகளும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கனெக்டரும் மேடைகளில் பரவியபோது திருகு கனெக்டர் பின்வாங்கியது. ஷூர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஸ்எம்58 போன்ற மைக்குகள் பாடகர்களின் பொதுக்கருவியாயின. பழைய புல்லட் மைக்குகள் மலிவாகக் கழிக்கப்பட்டன. ஹார்மோனிகா கலைஞர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். ஹோனர் நிறுவனத்தின் பெயரில் அஸ்டாட்டிக் செய்து கொடுத்த ‘ப்ளூஸ் பிளாஸ்டர்’, ஷூரின் 520டிஎக்ஸ் ஆகியவை ஹார்மோனிகா கலைஞர்களையே மனதில் வைத்து விற்கப்பட்டன. 520டிஎக்ஸ் மைக்கில் கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டு மறுமுனையில் கால் அங்குல ப்ளக்கோடு வந்தது. கேபிள் அறுந்தால் மைக்கையே திறந்தாக வேண்டும் என்ற நிலையில், பலர் அந்தக் கேபிளை நீக்கிவிட்டுப் பழைய திருகு கனெக்டரை அதில் பொருத்திக் கொள்கிறார்கள். புதிய கருவி பழைய மரைக்குத் திரும்பியிருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்த மாற்றங்கள் வருத்தம் தருபவை. கால் அங்குல ஜாக் பொருத்துவதற்காகப் பழைய கூடுகளின் அடிப்பகுதியில் துளை போட்டு, அசல் மரையை அறுத்தெறிந்த மைக்குகள் ஏராளம். அதற்குத் தேவையே இல்லை. மைக்கின் மரையில் திருகி மாட்டி, மறுபக்கம் கால் அங்குல ப்ளக்கை ஏற்கும் சிறு அடாப்டரை ஸ்விட்ச்கிராஃப்ட் நிறுவனமே செய்தது. அதைக் கொண்டு எந்தக் கிதார் கேபிளையும் மாட்டலாம். கழற்றினால் மைக் பழையபடியே இருக்கும்.

உள்ளிருக்கும் ரோஷெல் உப்புப் படிகங்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் ஒவ்வொன்றாக அழிந்து வருகின்றன. கூடும் கனெக்டரும் உலோகம். துடைத்து, ஈயம் வைத்து, முடுக்கினால் இன்னும் பல தலைமுறை நிற்கும். பழைய ஹார்மோனிகா மைக் கைக்கு வந்தால் துளைபோடும் கருவியை எடுக்கும் முன் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். கேபிள் மாறலாம், ப்ளக் மாறலாம், ஈயமும் மாறலாம். 5/8 அங்குல மரை மட்டும் அப்படியே இருக்கட்டும்.